மரியாவின் விரைவும் நம் அவசரமும்: ‘ஸ்பூதே’ என்ற சொல் கற்றுத்தரும் பாடம்

(திருவருகைக்காலம் நான்காம் ஞாயிறு - வானொலி மறையுரை)



திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு வந்துவிட்டோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. இந்த நாள்களில் நம் இல்லங்களில் அதிகம் ஒலிக்கும் சொல் எது என்று எண்ணிப் பார்த்தால், அது ‘சீக்கிரம்’ என்ற சொல்லாகத்தான் இருக்கும். தையற்கடையில் கொடுத்த துணியைச் சீக்கிரம் வாங்க வேண்டும். குடிலைச் சீக்கிரம் கட்டி முடிக்க வேண்டும். பாடகர் குழுவினர் ஒத்திகைக்குச் சீக்கிரம் வர வேண்டும். இவ்வளவும் போதாதென்று, ஆலயத்தில் அமர்ந்திருக்கும்போதும், சாமியார் மறையுரையைச் சீக்கிரம் முடிப்பாரா என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

இப்படி அவசரத்தில் இருக்கும் நமக்கு, இன்றைய நற்செய்தி விரைந்து புறப்பட்ட ஓர் இளம்பெண்ணைக் காட்டுகிறது. வானதூதர் கபிரியேல் விடைபெற்றுச் சென்றபின், மரியா எழுந்து, யூதேய மலைநாட்டில் உள்ள ஓர் ஊருக்கு விரைந்து சென்றார் என்று புனித லூக்கா எழுதுகிறார் (லூக்கா 1:39). ‘விரைந்து’ என்று நாம் தமிழில் வாசிக்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் ‘மெத்தா ஸ்பூதேஸ்’ என்ற இரு சொற்கள் உள்ளன. ‘ஸ்பூதேயுடன்’ என்பது அதன் பொருள். இந்த ‘ஸ்பூதே’ என்ற சொல்லைப் பற்றி இன்று நாம் சற்று நேரம் சிந்திப்போம்.

‘ஸ்பெவுதோ’ என்றால் கிரேக்கத்தில் ‘விரைகிறேன்’ என்று பொருள். அதோடு உறவுடைய பெயர்ச்சொல்தான் ‘ஸ்பூதே’. முதற்பொருள், விரைவு. ஆனால் அந்தச் சொல் அதோடு நின்றுவிடவில்லை. ஆர்வம், முனைப்பு, அக்கறை, ஊக்கம், ஒரு செயலைக் கருத்தாய்ச் செய்யும் பாங்கு ஆகிய அனைத்தும் அதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன. விளையாட்டாகச் செய்யும் ஒன்றுக்கு எதிராக, உள்ளத்தைக் கொடுத்துச் செய்யும் ஒன்றைக் குறிப்பிடவும் கிரேக்கர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினர். மெய்யியலாளர் அரிஸ்டாட்டில், நற்பண்பில் தேர்ந்த மனிதரை இதே சொல்லிலிருந்து பிறந்த ‘ஸ்பூதாயோஸ்’ என்ற சொல்லால் அழைத்தார்.

விரைவும் அக்கறையும் எப்படி ஒரே சொல்லுக்குள் அடங்கின? நம் வீட்டு அனுபவமே இதற்கு விடை சொல்லும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால், தாய் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுப்பதில்லை. யாரும் அவரை எழுப்பத் தேவையில்லை; அன்பே எழுப்பிவிடுகிறது. நாம் எதை உண்மையிலேயே பெரிதாகக் கருதுகிறோமோ, அதைத் தள்ளிப்போட மாட்டோம். எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோமோ, அதை நாம் பெரிதாகக் கருதவில்லை. வாயால் என்ன சொன்னாலும், நம் கால்கள் உண்மையைச் சொல்லிவிடும். உள்ளத்தின் அக்கறை கால்களில் தெரிவதுதான் ஸ்பூதே.

இப்போது மரியாவிடம் வருவோம். எலிசபெத்தின் வீட்டுக்குப் போ என்று வானதூதர் மரியாவுக்குக் கட்டளையிடவில்லை. உன் உறவினரான எலிசபெத்தும் முதிர்ந்த வயதில் கருவுற்றிருக்கிறார், இது அவருக்கு ஆறாம் மாதம் என்று ஒரு செய்தியை மட்டுமே சொன்னார். இறைவனால் இயலாதது ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளமாகச் சொல்லப்பட்ட செய்தி அது. மரியாவோ அதில் ஒரு வயதான பெண்ணின் தேவையைக் கேட்டார். முதல் பேறுகாலத்தை எதிர்நோக்கும் முதியவர். ஐந்து மாதமாக வெளியே வராதவர். அவருடைய கணவர் செக்கரியாவோ பேச முடியாதவராய் இருக்கிறார். அந்த வீட்டில் துணைக்கு ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மரியாவுக்குப் புரிந்தது.

தாமதிக்க மரியாவுக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அவர் மணஒப்பந்தமான இளம்பெண். வயிற்றில் கருவைச் சுமப்பவர். யோசேப்பிடமும் ஊராரிடமும் என்ன சொல்வது என்ற கவலை அவருக்கே போதுமானது. நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். நாமாக இருந்தால், ‘முதலில் நம் பிரச்சனை தீரட்டும், பிறகு அடுத்தவரைப் பார்க்கலாம்’ என்றிருப்போம். மரியாவோ எழுந்தார், புறப்பட்டார், விரைந்து சென்றார்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. விரைந்து சென்ற மரியா, அங்கே எத்தனை நாள் இருந்தார்? ஏறக்குறைய மூன்று மாதம் என்கிறார் லூக்கா (1:56). போவதில் விரைவு, போய்ச் சேர்ந்த இடத்தில் பொறுமை. நம் வழக்கமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஒருவரைப் பார்க்கப் போவதற்கு மாதக்கணக்கில் தாமதிக்கிறோம். போனபின், உட்காராமலே, கையில் கைப்பேசியோடு, ‘அப்ப நான் கிளம்பட்டுமா’ என்கிறோம். எனவே, ஸ்பூதே என்பது பரபரப்பு அல்ல. பரபரப்பாய் இருப்பவர் ஓரிடத்தில் இருக்கும்போதே அடுத்த இடத்தைப் பற்றி எண்ணுகிறார். ஸ்பூதே உள்ளவர் விரைந்து வருகிறார். வந்தபின் முழுமையாக அங்கே இருக்கிறார்.

அன்பானவர்களே, புதிய ஏற்பாட்டில் ‘ஸ்பூதே’ என்ற சொல் 12 முறை வருகிறது. ஆனால் நான்கு நற்செய்திகளையும் எடுத்துக்கொண்டால், இரண்டே இடங்களில்தான் அதைக் காண்கிறோம். ஒன்று, மரியாவின் பயணம். மற்றொன்று எங்கே என்று அறிந்தால் நாம் திடுக்கிடுவோம்.

மாற்கு நற்செய்தி 6ஆம் பிரிவு. ஏரோது தன் பிறந்தநாளில் அரசவையினருக்கும் படைத்தலைவர்களுக்கும் கலிலேய முதன்மைக் குடிமக்களுக்கும் விருந்து கொடுக்கிறான். ஏரோதியாவின் மகள் நடனமாடி அனைவரையும் மகிழ்விக்கிறாள். தன் அரசில் பாதியைக்கூடத் தருவதாக ஏரோது ஆணையிடுகிறான். சிறுமி வெளியே சென்று, என்ன கேட்கலாம் என்று தாயிடம் கேட்கிறாள். தாய் சொன்ன உடனே, அவள் அரசனிடம் விரைந்து சென்று, திருமுழுக்கு யோவானின் தலையை ஒரு தட்டில் வைத்து இப்போதே தர வேண்டும் என்று கேட்கிறாள் (மாற்கு 6:25). அவள் ‘விரைந்து’ சென்றாள் என்பதற்கு மாற்கு பயன்படுத்தும் சொற்கள் யாவை? ‘மெத்தா ஸ்பூதேஸ்’. மரியாவைப் பற்றி லூக்கா எழுதிய அதே இரு சொற்கள்!

இரண்டு இளம்பெண்கள். இருவரும் விரைகிறார்கள். இருவரின் விரைவும் சென்று சேருவது ஒரே மனிதரிடம், யோவானிடம்! மரியாவின் விரைவு எலிசபெத்தின் வீட்டை அடைந்தபோது, தாயின் வயிற்றிலிருந்த யோவான் மகிழ்ச்சியால் துள்ளினார். ஏரோதியாவின் மகளுடைய விரைவு அரசனை அடைந்தபோது, சிறையிலிருந்த அதே யோவானின் தலை வெட்டப்பட்டது. ஒரு விரைவு அவரை வாழ்த்தச் சென்றது. மற்றொரு விரைவு அவரை அழிக்கச் சென்றது.

ஆகவே, வேகமாக, ஊக்கமாக, சுறுசுறுப்பாக இருப்பது மட்டுமே நற்பண்பு ஆகிவிடாது. கெட்டதையும் மனிதர் மிகுந்த ஊக்கத்தோடு செய்வதுண்டு. அந்த விருந்து மண்டபத்தில் எல்லாம் வேகமாக நடக்கிறது. சிறுமி உடனே கேட்கிறாள்; அரசன் உடனே காவலனை அனுப்புகிறான். யோவானைக் கொல்வது குறித்து அரசனுக்கு வருத்தம் இருந்தது என்று மாற்கு சொல்கிறார். ஆனாலும், நின்று, ‘நாம் என்ன செய்கிறோம்?’ என்று கேட்க அவன் துணியவில்லை. விருந்தினர் முன் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சினான். நம் குடும்பங்களிலும் பங்கிலும் ஒரு புறணியை அடுத்தவர் காதுக்குக் கொண்டுசேர்ப்பதில் நமக்கு இருக்கும் வேகத்தை எண்ணிப் பார்ப்போம். கைப்பேசியில் வந்த அவதூறை, உண்மையா என்று கேட்காமலே அடுத்த நொடியில் பத்துப்பேருக்கு அனுப்புகிறோமே, அதுவும் ஸ்பூதேதான். ஆனால், அது தட்டோடு ஓடிய சிறுமியின் ஸ்பூதே.

2023ஆம் ஆண்டு இலிஸ்பனில் நடைபெற்ற உலக இளையோர் நாளுக்கு, மரியா எழுந்து விரைந்து சென்ற இந்த இறைவார்த்தையே மையக்கருத்தாக அமைந்தது. அதற்கான செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும், நல்ல விரைவும் உண்டு, நல்லதல்லாத விரைவும் உண்டு என்று இளையோருக்கு எடுத்துரைத்தார். நம் விரைவு யாரை நோக்கிச் செல்கிறது என்பதைக் கொண்டே அது எத்தகையது என்று நாம் அறிய முடியும்.

மரியாவின் விரைவுக்குப் பின்னணியில் இன்னொரு பழைய விரைவும் நிற்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிரேய மறைநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் பணி எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் தொடங்கியது. அம்மொழிபெயர்ப்பை லூக்கா நன்கு அறிந்தவர். அதில் விடுதலைப்பயண நூல் 12:11ஐ எடுத்துப் பார்த்தால், இடையில் கச்சையும், காலில் காலணியும், கையில் கோலுமாய், பாஸ்கா உணவை விரைவாக உண்ணுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. அந்த ‘விரைவாக’ என்பதும் ‘மெத்தா ஸ்பூதேஸ்’தான். கடவுள் தம் மக்களை மீட்கும் இரவு அது. மீட்பு வாசலில் வந்து நிற்கும்போது, புறப்பட ஆயத்தமாய் இருப்பதுதான் நம்பிக்கை. லூக்கா நற்செய்தியில், மீட்பர் பிறந்த செய்தியைக் கேட்ட இடையர்களும் பெத்லகேமுக்கு விரைகிறார்கள். எரிகோவில் மரத்தின்மேல் இருந்த சக்கேயுவிடம், விரைவாய் இறங்கி வா என்கிறார் இயேசு. அவரும் விரைவாய் இறங்கி, அவரை மகிழ்ச்சியோடு வரவேற்கிறார். இவ்விரு இடங்களிலும் வருவது ‘ஸ்பெவுதோ’ என்ற வினைச்சொல்லே.

புனித பவுலுக்கும் இது மிகவும் பிடித்தமான சொல். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் பிரிவில் இதை இருமுறை பயன்படுத்துகிறார். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அப்பொறுப்பை ஸ்பூதேயோடு ஆற்றட்டும் என்கிறார் (12:8). இது முதலில் பங்குத்தந்தையருக்கும், பிறகு பங்குப்பேரவையினருக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், பெற்றோருக்கும் சொல்லப்பட்டது. அடுத்து, ஸ்பூதேயில் சோம்பலாய் இராதீர்கள் என்கிறார் (12:11). ‘சோம்பலான’ என்பதற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘ஒக்னேரோஸ்’. இச்சொல்லுக்குத் தயங்குகிறவர், பின்வாங்குகிறவர் என்ற பொருளும் உண்டு.

இதே சொல்லை நாம் தாலந்து உவமையிலும் கேட்கிறோம். ஒரு தாலந்தைப் பெற்று, அதை நிலத்தில் புதைத்துவைத்த பணியாளனை, தலைவர் ‘ஒக்னேரோஸ்’ என்று கண்டிக்கிறார் (மத்தேயு 25:26). அவன் தூங்கிக் கிடந்தவன் அல்ல. குழி தோண்டும் அளவுக்கு உழைத்தவன்தான். பிறகு ஏன் அவனைச் சோம்பேறி என்கிறார் தலைவர்? அவனே தன் வாயால் சொல்கிறான்: அவனுக்கு அச்சம். தவறிவிடுமோ என்ற அச்சத்தால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டான். எனவே, ஸ்பூதேக்கு எதிரானது உடலின் சோம்பல் மட்டும் அல்ல. அன்பு நம்மை அழைக்கும் இடத்துக்குப் போகத் தயங்கும் உள்ளம்தான் அதற்கு எதிரி. நாள் முழுவதும் ஓடி ஓடி உழைத்துக்கொண்டே, அந்த ஓரிடத்துக்கு மட்டும் போகாமல் இருக்க நம்மால் முடியும். பேசாமல் இருக்கும் அண்ணனின் வீடு. பல ஆண்டுகள் விட்டுவிட்ட ஒப்புரவு அருளடையாளம். ‘எப்படிப்பா இருக்கீங்க’ என்று தந்தையிடம் கேட்க வேண்டிய ஒரு தொலைபேசி அழைப்பு. வேலையை அங்கே போகாமல் இருப்பதற்கான சாக்காக வைத்துக்கொள்கிறோம்.

இதை நாம் பிறருக்குச் சொல்லும் பாடமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, இதே திருவருகைக்காலத்தில் நடந்தது ஒன்று. ஒருநாள் மாலை, ஆலய வாசலில் ஒரு பெண் வந்து நின்று, “சாமி, அப்பா உங்கள ஒருதடவ பாக்கணுங்கிறார்” என்றார். அவருடைய தந்தை நெடுநாள் படுக்கையில் இருந்தவர். முன்பு ஆலயத்துக்குத் தவறாமல் வந்தவர். ஒரு நிலத்தகராறில் கோபித்துக்கொண்டு பல ஆண்டுகள் வராமல் இருந்தவர். அன்று பந்தல்காரர் காத்திருந்தார். குடில் போட்டிக்கான கூட்டம் இருந்தது. “நாளைக்குக் காலைப் பூசை முடிஞ்சதும் வர்றேம்மா” என்று நாம் சொன்னோம். மறுநாள் மறைமாவட்டக் கூட்டம். அதற்கு மறுநாள் மேடைக்கு விளக்கு போடும் வேலை. அவர் பழைய கோபத்தை எடுத்துப் பேசுவாரோ, என்ன பதில் சொல்வது என்ற சிறு தயக்கமும் நமக்குள் இருந்தது என்பதை இன்று ஒத்துக்கொள்கிறோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்தது.

நாம் விரைந்துதான் போனோம். ஆனால் அந்த விரைவால் இனிப் பயன் இல்லை. அந்த மகள் நம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. “உங்களுக்கு வேல இருந்திருக்கும் சாமி. அப்பாதான் வாசப் பக்கமாவே பாத்துக்கிட்டு இருந்தார்” என்று மட்டும் சொன்னார். இறைவனின் இரக்கம் நம் தாமதத்தைவிடப் பெரியது என்று நம்புகிறோம். அந்த மனிதரை அவர் கைவிட்டிருக்க மாட்டார். எனினும், அந்த மூன்று நாளும் நாம் சோம்பியிருக்கவில்லையே! காலைமுதல் இரவுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தோம். ஸ்பூதேயின் பொருளை நாம் குருமடத்தில் படித்திருந்தோம். அந்த வீட்டு வாசலில்தான் புரிந்துகொண்டோம்.

அதன்பின், புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதிப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அந்த முதியவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பவுல் சிறையில் இருக்கிறார். தமது முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. உடன் இருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். லூக்கா மட்டுமே அவரோடு இருக்கிறார். அந்த நிலையில், விரைவில் என்னிடம் வந்து சேர முயற்சி செய் என்று திமொத்தேயுவைக் கேட்கிறார் (4:9). துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும், நூல்களையும் எடுத்துவரச் சொல்கிறார். சில வரிகளுக்குப் பின், குளிர்காலத்துக்கு முன்பே வந்துசேர முயற்சி செய் என்று மீண்டும் கேட்கிறார் (4:21). இரு இடங்களிலும் ‘முயற்சி செய்’ என்பதற்கு அவர் எழுதியது ஸ்பூதேயிலிருந்து பிறந்த வினைச்சொல்லே.

ஏன் குளிர்காலத்துக்கு முன்பு? அக்காலத்தில் குளிர்காலம் தொடங்கினால் மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுவிடும். இப்போது புறப்படாவிட்டால், வசந்தம்வரை வர இயலாது. வசந்தத்தில் பவுல் உயிரோடு இருப்பாரா? திருத்தூதரே ஆனாலும், முதிர்ந்த வயதில், குளிரும் சிறையில், அவர் கேட்டது ஒரு மேலங்கியையும், வாசிக்க நூல்களையும், அன்பான ஒருவர் தம் அருகில் வந்து இருப்பதையும்தான். அதே திருமுகத்தின் தொடக்கத்தில் ஒனேசிப்போர் என்பவரை அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். ஒனேசிப்போர் உரோமைக்கு வந்தபோது, பவுலின் விலங்குகளைக் கண்டு வெட்கப்படாமல், அவரை அக்கறையோடு தேடிக் கண்டுபிடித்தார் (1:16-17). அந்த ‘அக்கறையோடு’ என்பதும் ஸ்பூதேயின் குடும்பத்துச் சொல்தான்.

கொரிந்து மக்களுக்குப் பவுல் எழுதியதையும் இங்கே சேர்த்து நினைப்போம். எருசலேமில் வாடிய ஏழைகளுக்காக உதவி திரட்டுவதை முந்தின ஆண்டே விரும்பித் தொடங்கியவர்கள் அவர்கள். ஆனால் தொடங்கியது முடியவில்லை. பவுல் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. மற்றவர்களின் ஸ்பூதேயை எடுத்துக்காட்டி, உங்கள் அன்பு உண்மையானதா என்று சோதித்துப் பார்க்கிறேன் என்கிறார் (2 கொரிந்தியர் 8:8). பொன்னை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் இருப்பதுபோல, அன்பை உரைத்துப் பார்க்க ஸ்பூதே இருக்கிறது. விரும்பினோம் என்பது போதாது; அதைச் செய்து முடித்தோமா என்று அது கேட்கிறது.

அன்பானவர்களே, விழாவுக்கான வேலைகளை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. குடில் கட்டுவோம், பாடுவோம், பலகாரம் செய்து அண்டை வீட்டாரோடு பகிர்வோம். ஆனால், கிறிஸ்து பிறப்பு இரவுக்கு முன்னதாக ஒன்றே ஒன்றைச் செய்வோம். நம் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் யார் என்று இன்று இரவு செபத்தில் ஆண்டவரிடம் கேட்போம். நம் எல்லாருக்குமே அப்படி ஒருவர் இருப்பார். அந்தப் பெயர் பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும். பிறகு, நாளை என்று சொல்லாமல் எழுந்து போவோம். போனபின் அவசரப்படாமல் அவரோடு அமர்ந்திருப்போம். படுக்கையில் இருக்கும் நோயாளர்கள் நம் வீடுகளில் இருந்தால், தயங்காமல் பங்குத்தந்தைக்குத் தெரிவியுங்கள். மணி எதுவானாலும், பந்தல் வேலை எதுவானாலும், அவர் வர வேண்டும். வராவிட்டால், மரியாவின் பயணத்தை அவருக்கு நினைவூட்டும் உரிமை உங்களுக்கு உண்டு.

மரியா கொண்டுசென்றது பரிசுப்பொருள் அல்ல. தம் வயிற்றில் இருந்த இயேசுவையே அவர் எலிசபெத்தின் வீட்டுக்குக் கொண்டுசென்றார். நாம் விரைந்து செல்லும் இல்லத்திலும் கிறிஸ்து பிறப்பு முதலில் நிகழ்வது அப்படித்தான்.

விரைந்து எம்மைத் தேடி வந்த ஆண்டவரே, வீணானவற்றில் ஓடும் எம் கால்களை நிறுத்தும். அன்பு அழைக்கும் இடத்தில் தயங்கும் எம் உள்ளத்தை எழுப்பும். எம் தாமதத்தால் காயப்பட்டவர்களை உம் இரக்கத்தால் தேற்றும். எம் அன்னை மரியாவைப்போல, எழவும், புறப்படவும், சேர்ந்த இடத்தில் பொறுமையோடு தங்கவும் எமக்கு வரமருளும். ஆமென்.